மேலமாசி வீதி மண்டபம் பிலடெல்பியா போன கதை

போன தடவை ஜிஎஸ்டி பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரு பேச்சு ஓடுகிறது. அதனால் இந்த முறை கணக்கு வழக்கை ஓரமாக வைத்துவிட்டு சரித்திரத்துக்குள் கால் வைக்கிறேன். (முழுசாக ஓரம் வைக்க முடியவில்லை. நடுவில் மெர்க்கண்டைல் லா வந்துவிடும். பொறுத்துக்கொள்ளவும்.)

விஷயம் ஆரம்பித்தது ஒரு போட்டோவில். நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இரண்டு வரிசையாகக் கருங்கல் தூண்கள், தூணோடு ஒட்டி ஆள் உயரச் சிற்பங்கள், மேலே யாளி. "இது எந்தக் கோயில்னு சொல்லு பாப்போம்" என்று கேள்வி வேறு. நான் யோசிக்காமல் அழகர்கோயில் என்றேன். இல்லை என்றார். திருமோகூர்? இல்லை. கள்ளழகரும் இல்லை காளமேகப் பெருமாளும் இல்லையென்றால் வேறு எங்கே என்று குழம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டேய், இது அமெரிக்காடா. ம்யூசியம். ஆனா நம்ம ஊருதான். மதுரைன்னுதான் போர்டுல போட்டிருக்கான்."

"மதுரையில எங்கக்கா?"

"மதனகோபால சாமி கோயிலாம். மேலமாசி வீதிப் பக்கம்தான? நீ தெனம் அந்த வழியாத்தான போற?"

தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன்ஹால் ரோடு வழியாக நடந்து, மேலமாசி வீதியைத் தொட்டுத்தான் என் டியூஷனுக்குப் போக வேண்டும். மூன்று வருடமாக நடக்கிறேன். அந்தக் கோயிலுக்குள் ஒருமுறை கூட நுழைந்ததில்லை. இருபது வயது வரைக்கும் மதுரைக்காரன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தவனுக்கு அமெரிக்காவிலிருந்து தகவல் வருகிறது, உன் தெருவிலிருந்து ஒரு மண்டபம் காணாமல் போயிருக்கிறது என்று.

அன்றிலிருந்து ஒரு மாதமாக இதே வேலைதான். கிடைத்ததைச் சொல்கிறேன்.

1912. பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி மதுரைக்கு வருகிறார். மதனகோபால சுவாமி கோயில் வளாகத்துக்குள் செதுக்கிய கருங்கற்கள் குவிந்து கிடந்தன. இடிந்துபோன ஒரு மண்டபத்தின் மிச்சம் அது. தூண்கள், போதிகைகள், சிற்பப் பலகைகள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள். அந்த அம்மாள் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்.

ஊருக்குப் போய் அதை வைத்து என்ன செய்ய நினைத்தாரோ, செய்வதற்கு ஆயுள் இல்லை. 1919ல் இறந்துவிட்டார். குடும்பத்தார் அதே வருடம் அவர் நினைவாகக் கற்களை அப்படியே பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த மண்டபத்தின் தகவல் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. 1560 வாக்கில் செய்தது என்று அருங்காட்சியகம் காலம் சொல்கிறது. அதாவது விஸ்வநாத நாயக்கர் காலத்தை ஒட்டியது. திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தது 1623ல். ஆக, நாம் வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையாகக் காட்டும் புதுமண்டபத்தை விட இது அறுபது எழுபது வருடம் மூத்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. கற்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் கற்கள் வேறு, மண்டபம் வேறு. பிரித்துப்போட்ட தூணை எப்படித் திரும்ப நிறுத்துவது?

நம் ஊர் மண்டபங்களில் சாந்து கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கீழே பீடம், அதன்மேல் தூண், தூணின் தலையில் பலகை, அதன்மேல் இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல போதிகை, போதிகைகளின் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் கூரைக் கற்கள். ஒவ்வொன்றும் தன் எடையால்தான் நிற்கிறது. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். அந்தப் பாரமே சிமெண்ட். அதனால் பிரிப்பதும் சுலபம், பிரித்தால் எது எதன்மேல் இருந்தது என்று மறந்துபோவதும் சுலபம். கல்லில் நம்பர் போட்டு இறக்கியிருந்தால் பிழைத்தோம். குவியலாகக் கிடந்த கல்லுக்கு யார் நம்பர் போடுவார்கள்?

இந்தப் புதிரை எடுத்துக்கொண்டவர் நார்மன் பிரவுன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியர், அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளர். மனிதர் அங்கேயே உட்கார்ந்து ஊகிக்காமல் 1930களில் மதுரைக்கே கிளம்பி வந்தார். கற்கள் எந்தக் கோயிலுடையவை என்று விசாரித்தார். நாயக்கர் காலத்து மற்ற மண்டபங்களைப் பார்த்தார். தூணோடு சேர்ந்த சிற்பம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும், யாளி எங்கே வரும், நடுவில் எவ்வளவு வழி விடுவார்கள் என்பதையெல்லாம் நிற்கிற மண்டபங்களை வைத்துத்தானே சொல்ல முடியும். 1940ல் அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்தில் மண்டபம் எழுந்தது. அதே வருடம் பிரவுன் அதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமும் போட்டார். 2016ல் அந்தக் கூடத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். 2022ல் டேரியல் மேசன் தொகுத்து இன்னொரு பெரிய புத்தகம் வந்தது. ஒரு மண்டபத்துக்கு இரண்டு புத்தகம்! மேலமாசி வீதியில் கேட்டால் ஒரு தாளும் தேறாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிலடெல்பியாவில் நிற்பது 1560ன் மண்டபம் அப்படியே அல்ல. கிடைத்த கற்களை ஒரு மதுரை மண்டபத்தின் ஒழுங்கில் அடுக்கியது. கற்கள் பதினாறாம் நூற்றாண்டு, அடுக்கு இருபதாம் நூற்றாண்டு. இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. சிதறியதைச் சேர்ப்பது என்றாலே பாதி கல், பாதி ஊகம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை என்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. ஐரோப்பியத் தேவாலயங்களில் பலிபீடத்துக்குப் பின்னால் மரப் பலகைகளில் வரைந்த பெரிய ஓவியத் தொகுதி ஒன்றை நிறுத்துவார்கள். நடுவில் மரியாளோ இயேசுவோ, இரண்டு பக்கமும் புனிதர்கள், அடியில் சின்னச் சின்னக் கதைக் காட்சிகள். இத்தாலியில் சியன்னா என்ற ஊரில் தூச்சோ என்ற ஓவியர் வரைந்த தொகுதியை 1311 ஜூன் 9ஆம் தேதி பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊரே சேர்ந்து ஊர்வலமாக எடுத்துப் போயிருக்கிறது. நம் சித்திரைத் திருவிழா மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பேர்ப்பட்ட படத்தை 1771ல் ரம்பம் போட்டு அறுத்துப் பிரித்தார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஓவியம் இருந்ததால் பலகையை நடுவில் பிளந்திருக்கிறார்கள். பெரும்பகுதி சியன்னாவிலேயே இருக்கிறது. சின்னப் பலகைகள் லண்டன், வாஷிங்டன், நியூயார்க், மாட்ரிட், டெக்சாஸ் என்று போய்விட்டன. பின்பக்கத்தின் அடிவரிசையில் மிஞ்சிய எட்டுப் பலகைகளை 2024 கடைசியில் நியூயார்க்கிலும் 2025ல் லண்டனிலும் ஒரு கண்காட்சிக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கண்காட்சி முடிந்ததும் அதது அதன் வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாண வீட்டில் கூடிய சொந்தம் மாதிரி.

அடுத்து பியரோ டெல்லா பிரான்செஸ்கா. 1454ல் ஒப்பந்தம் போட்டு 1469ல் முடித்துக் கொடுத்த படத் தொகுதி. (பதினைந்து வருடம்! நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் தள்ளிக் கேட்டால் சார் என்ன பேச்சுப் பேசுகிறார்.) அதில் எஞ்சியவை எட்டே பலகைகள். அவை ஐந்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நடுப்பலகையே இல்லை. 2024ல் மிலான் நகரில் எட்டையும் ஒன்றாக வைத்தார்கள். ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்த துளி வண்ணங்களை ஆராய்ந்து, காணாமல் போன நடுப்பலகையில் மரியாளுக்கு முடிசூட்டும் காட்சி இருந்திருக்கலாம் என்று சொன்னார்கள். இல்லாத படத்தை இருக்கிற படத்தின் ஓரத்திலிருந்து படிக்கிறார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்டை டேலி பண்ணுகிற வேலைதான் இது, கொஞ்சம் அழகாக.

நம் பக்கத்தில் இதற்கு இணையான கதை காஞ்சிபுரத்து யோகினிகள். பத்தாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் இருந்த ஒரு கோயிலின் தேவிச் சிற்பங்கள். கோயில் போய்விட்டது, சிலைகள் மட்டும் வயல்வெளிகளிலும் ஊர்க் கோயில்களிலும் கிடந்தன. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1920களில் அவற்றைத் திரட்டி, பாரிசில் கடை வைத்திருந்த சி.டி. லூ என்ற பெரிய கலைப்பொருள் வியாபாரிக்கு அனுப்பினார். இந்த ழுவோ துப்ரேய்தான் பல்லவர் கலை பற்றி மதிப்பான புத்தகங்கள் எழுதியவரும் கூட. ஒரே ஆள் ஒரு கையால் ஆராய்ச்சி, மறு கையால் ஏற்றுமதி. எனக்கு இவர்மேல் கோபமும் வருகிறது, இவர் இல்லையென்றால் பல விஷயம் தெரிந்தே இருக்காதே என்றும் தோன்றுகிறது. லூவிடமிருந்து லண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், கான்சஸ் சிட்டி, டொரண்டோ என்று தேவிகள் பிரிந்துவிட்டார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் பயணத்தைத் தேடிப் பிடித்து பத்மா கைமல் 2012ல் ஒரு புத்தகமே எழுதினார். 2013ல் வாஷிங்டனில் யோகக் கலை பற்றி ஒரு கண்காட்சி நடந்தபோது மூன்று யோகினிகளை ஒரே அறையில் வைத்தார்கள். காஞ்சிபுரத்தை விட்டுப் போன பிறகு அந்த மூன்று சகோதரிகள் ஒன்றாக இருந்தது அப்போதுதான். அதுவும் சில மாதங்கள். காஞ்சிபுரத்தில் அல்ல.

சரி, மெர்க்கண்டைல் லாவுக்கு வருகிறேன். ஓடாதீர்கள் :)

நம் சிலபஸில் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 27 ஞாபகம் இருக்கிறதா? தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. திருடன் எனக்கு சைக்கிளை விற்றால் சைக்கிள் என்னுடையது ஆகாது. 1912ல் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் அதற்கு முன் சரக்கு விற்பனையும் 1872ன் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தது. அதன் 108ஆம் பிரிவு இதே விதியைத்தான் சொன்னது. ஆகவே கிப்சன் அம்மாள் காசு கொடுத்தாரா என்பது முக்கியக் கேள்வி இல்லை. விற்றவருக்கு விற்க அதிகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

கோயில் சொத்து யாருடையது? சட்டப்படி அங்கே இருக்கும் சுவாமியுடையது. நிர்வாகி வெறும் காவலர். கோயிலுக்கு உண்மையான அவசியம் இருந்தால் மட்டுமே அவர் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியும் என்பதை 1875லேயே பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் பேசியிருக்கிறது. இடிந்த மண்டபத்தின் கற்களை விற்றது அவசியத்தில் சேருமா? ஒரு பக்கம், பயன்படாத கல்லை விற்றுத் திருப்பணிக்குச் செலவழித்திருந்தால் அது நல்ல நிர்வாகம் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். மறுபக்கம், சிற்பம் செதுக்கிய தூண் எப்படிப் பயன்படாத கல் ஆகும் என்று இன்னொரு வக்கீல் கேட்கலாம். ஏற்றுமதிக்குத் தடை இருந்ததா என்றால், 1904ல் கர்சன் காலத்தில் வந்த புராதனச் சின்னங்கள் சட்டத்தில் தடுக்க வழி இருந்தது. ஆனால் அரசு தனியாக அறிவிக்கை போட்டால்தான் அது பாயும். பழம்பொருள் ஏற்றுமதிக்கு நேரடியான கட்டுப்பாடு 1947ல்தான் வந்தது, இன்றைய கடுமையான சட்டம் 1972ல் வந்து 1976ல் அமலானது.

இதைப் படித்துவிட்டு நண்பன் ஒருவனிடம் ஆவேசமாகச் சொன்னேன், கேஸ் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று. பத்தூர் நடராஜரைக் கொண்டு வரவில்லையா? 1976ல் பத்தூரில் மண்ணுக்கு அடியில் கிடைத்த நடராஜர், கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போய், கனடாக் கம்பெனி ஒன்று அதை 1982ல் வாங்கி, பிறகு போலீஸ் கைப்பற்றி, வழக்கு நடந்து, 1991ல் திரும்பி வந்தார். இடிந்த கோயில் ஒன்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காட முடியும் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978ல் திருடு போன ராமர், லட்சுமணர், சீதை 2020ல் லண்டனிலிருந்து வந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958ல் எடுத்து வைத்திருந்த போட்டோதான் அடையாளம் காட்டியது. (அதில் கூட இருந்த ஆஞ்சநேயர் அன்று உடன் வரவில்லை.)

நண்பன் கேட்டான், "அதெல்லாம் திருட்டுடா. இது வித்தது. பில் போட்டு வாங்கினவன்கிட்ட எப்பிடிக் கேப்ப?" அவன் ஆடிட்டிங்கில் முதல் மார்க். பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் டியூஷனுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். உள்ளே நல்ல குளிர்ச்சி. மாசி வீதியின் ஹாரன் சத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குழலூதும் கண்ணனைக் கும்பிட்டுவிட்டு, சும்மா சுற்றி வந்தேன். அமெரிக்காவில் இருக்கிற தூணின் இடம் எது என்று தேடினால் தெரியுமா என்ன? தெரியவில்லை. வெளியே வந்து பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பாட்டி, இந்தக் கோயில் மண்டபம் ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு, தெரியுமா?"

"என்னய்யா சொல்ற? சாமி போயிருச்சா?"

"சாமி இல்ல பாட்டி. தூணு. நூறு வருசத்துக்கு முன்னாடி வித்துட்டாங்க."

"தூணுதான? சாமி இங்கதான இருக்கு. சாமியையா வித்தாங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த முழத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்தால் பாட்டி சொன்னது பழைய கணக்கு. கோயிலைப் புதுப்பிக்கும்போது சிதைந்த விக்ரகத்தை என்ன செய்வது என்று ஆகமங்களில் முறை இருக்கிறது, தண்ணீரில் விடுவார்கள், புதைப்பார்கள். தூணுக்கும் படிக்கட்டுக்கும் அவ்வளவு கவலை இல்லை. பழைய கல்லைத் தளத்துக்குப் போடுவார்கள், கல்வெட்டு தலைகீழாகச் சுவரில் ஏறிவிடும். இது நம் ஊரில் எத்தனை கோயிலில் பார்க்கலாம்! சாமிக்குப் புதுசாக நல்ல வீடு கட்டுவதுதான் புண்ணியம். பழைய வீட்டை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பது பின்னால் வந்த எண்ணம். அந்தப் பின்னால் வந்த எண்ணத்தில் படித்து வளர்ந்தவன் நான், அதனால் எனக்கு வலிக்கிறது. பாட்டிக்கு வலிக்கவில்லை. இரண்டும் நியாயம்தான் என்று எழுதி முடித்துவிட்டால் சுகமாக இருக்கும். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டியின் நியாயத்தைச் சாக்காக வைத்துத்தான் இன்றைக்கும் கல் போய்க்கொண்டிருக்கிறது.

மண்டபம் திரும்பி வர வேண்டுமா என்று கேட்டால் என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வந்தால் எங்கே வைப்போம்? அது நின்ற இடம் இன்று வேறு மாதிரி இருக்கிறது. இன்னொரு இடத்தில் வைத்தால் அதுவும் ஒரு அருங்காட்சியகம்தான், பிலடெல்பியாவுக்குப் பதில் மதுரை. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துத் தூண்கள் வெடித்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கருங்கல் அசையாது என்று நினைப்பது தப்பு என்று அன்று தெரிந்தது. ஆனால் அதற்காக "அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லவும் வாய் வரவில்லை. பத்திரம் என்பது ஒரு வாதமே இல்லை. என் வீட்டு நகையை என்னைவிடப் பத்திரமாகப் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பார் என்பதற்காக நகை அவருடையது ஆகிவிடுமா?

நான் கேட்பது சின்ன விஷயம். சியன்னாவில் போய் நின்றால், இந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது லண்டனில், அதற்கடுத்தது வாஷிங்டனில் என்று தெரிந்துகொள்ள முடிகிறது. ஊர் தன் நஷ்டத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது. மேலமாசி வீதியில் நின்றால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு போர்டு, நாலு போட்டோ, தமிழில் இரண்டு பத்தி. இன்றைக்கு இருக்கும் முப்பரிமாண ஸ்கேன் வசதிக்கு ஒவ்வொரு தூணையும் அளந்து ஒரு பிரதி இங்கே அனுப்புவது பிலடெல்பியாவுக்குப் பெரிய செலவு இல்லை. இங்கே மதுரையில் அதே சிற்பிகள் கை பட்ட மற்ற கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராவது ஒரு மாணவர் (வரலாறு எடுத்தவர், என்னைப் போல் டெபிட் கிரெடிட் ஆசாமி அல்ல) கிளம்பலாம். நார்மன் பிரவுன் கப்பலில் வந்து செய்த வேலையை நாம் டவுன் பஸ்ஸில் போய்ச் செய்யலாமே.

இந்த ஒரு மாதத்தில் என்னை உண்மையாகத் தொந்தரவு செய்தது வேறு. எங்கள் ஊர் திருமங்கலம் தாண்டி உள்ளே, பெயர் வேண்டாம். அங்கே ஒரு பழைய பெருமாள் கோயில். நான் எட்டாவது படிக்கும்போது திருப்பணி நடந்தது. முன்மண்டபத்தைப் பிரித்து கான்கிரீட் போட்டார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். பிரித்த தூண்களைக் கண்மாய்க் கரை வேப்பமரத்தடியில் போட்டார்கள். அதில் ஏறிக் குதித்துத்தான் நாங்கள் விளையாடினோம். ஒரு போதிகையில் அம்மா துணி துவைத்திருக்கிறார். செட்டிநாட்டுப் பக்கம் வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவும் விற்கிற மாதிரி, எங்கள் ஊரிலும் யாரோ லாரியோடு வந்து இரண்டு தூணுக்கு விலை பேசினார்கள் என்று அப்பா சொன்னார். ஏதோ தோட்ட வீட்டு வாசலுக்காம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பத்துக்குப் பதிவு வேண்டும் என்று 1972 சட்டம் இருப்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியாது. கிப்சன் அம்மாளாவது ஊர் பேரைச் சொல்லி வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். சித்தப்பா பையனைக் கூட்டிக்கொண்டேன். மண்ணையும் முள்ளையும் தள்ளிவிட்டுப் பார்த்ததில் பதினொரு கல் இருக்கிறது. மூன்று முழுத் தூண், ஒன்று உடைந்தது, நாலு போதிகை, மிச்சம் என்னவென்று எனக்குப் பெயர் தெரியவில்லை. ஒரு தூணில் அனுமார், மூக்கு தேய்ந்திருக்கிறது, அதில் நாங்கள் கால் வைத்து ஏறியதும் ஒரு காரணமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டு, நீளம் அகலம் குறித்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். "எதுக்குண்ணே இது, விக்கப் போறோமா?" என்று சித்தப்பா பையன் கேட்டான். இல்லடா, ஸ்டாக் எடுக்கிறோம் என்றேன்.

ஒன்பதாம் நம்பர் கல் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. அதை மட்டும் அளக்க முடியவில்லை. அடுத்த வாரம் கடப்பாரையோடு போக வேண்டும்.